காலிதீன் பதுளைக்கு மிதித்த கதை

பேராதனையில் படித்து முடித்து, எங்கள் ஊரின் முதல் பட்டதாரி என்ற பெயரோடு நற்பிட்டிமுனைக்குத் திரும்பிய கிழமையே நான் காலிதீனைச் சந்தித்தேன். படிப்பிக்கும் பாடசாலைக்குப் போய்வர வாடகைச் சைக்கிள் ஒன்று தேவைப்பட்டது. அவருடைய சைக்கிள் கடை சாய்ந்தமருதில் இருந்தது. நான் சைக்கிள் கேட்டேன். அவர் மலை கேட்டார்.

"தம்பி கண்டிப் பக்கம் இரிந்த ஆளாமே. அந்த மலையெல்லாம் எவ்வளவு உசரம்? நம்மட பள்ளிவாசல் மினாராவை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினா எத்தின வரும்?"

நான் படித்த பூமிசாத்திரத்தில் மினாரா என்றொரு அளவு இல்லை. "நிறைய வரும்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மலைமேல் அவருக்கு அப்படியொன்றும் காதலில்லை. கல்முனையில் கூடவே வளர்ந்த சிநேகிதன் பெனடிக்குக்கு வேதக்கோயிலில் கல்யாணம். அவனுக்குத் தாய் தகப்பனும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. வேலை தேடிப் பதுளைக்குப் போன இடத்தில் பெண்ணும் அமைந்துவிட்டது. வந்து சொல்லிவிட்டுப் போகும்போது ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டுப் போனான். "நீ வந்து கோயில் வாசல்ல நிண்டாத்தான் நான் உள்ளுக்குப் போவன், மச்சான். எனக்கெண்டு வேற ஆர் இருக்கா?"

பஸ்ஸில் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் புகை மூக்கில் பட்டால் போதும், காலிதீன் காலையில் தின்ற இடியப்பம் வெளியே எட்டிப் பார்க்கும். அவர் கை காட்டினால் நிற்காமல் போவதென்று கண்டக்டர்மார் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஆகவே சைக்கிள்தான். செங்கலடிவரை கரையோரம், பிறகு மகாஓயாக் காடு, பிபிலை, அதற்கப்பால் லுணுகலை, பசறை என்று மலைக்குமேல் மலை.

திட்டம் போடுவதில் காலிதீன் மன்னன். மனைவி நதீரா எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருந்தார்.

"காட்டுக்குள்ள யானை வந்தா?"

"மாட்டுவண்டிக்காரரோட சேந்து போவன்."

"ராவைக்கு எங்க படுக்கிற?"

"ஊருக்கு ஊர் பள்ளி இரிக்குதானே."

"பள்ளி இல்லாத ஊருல?"

"அந்த ஊருல எனக்கு நித்திரை வராது."

"சந்தைக்குப் போனா மீனை மறந்து பையோட வாற மனுசன்" என்று நதீரா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஏற்றத்துக்குப் பழகுவதுதான் பெரும்பாடு. எங்கள் கரையில் மேடு என்றால் மணல்மேடுதான். காலிதீன் யோசித்து ஒரு வழி கண்டார். மலை இல்லாவிட்டால் என்ன, பாரம் இருக்கிறதே! பக்கத்துக் கடைத் தையல்காரர் மீராமுகைதீன் நல்ல கனதியான ஆள். பின்னேரங்களில் அவரைக் கரியரில் ஏற்றிக்கொண்டு காலிதீன் கடற்கரை மணலில் மிதித்தார்.

"மெதுவா மிதி மச்சான். நான் என்ன நெல்லு மூடையா?"

"பேசாம இரி. நீதான் இப்ப பசறை மலை."

"மலை வெத்திலை போடலாமா?"

"போடு. துப்பிறதெண்டா கடல்பக்கம் துப்பு."

பயணம் நெருங்கியதும் சைக்கிளின் பாரத்தைக் குறைக்கத் தொடங்கினார். மணி, மட்காட், செயின் கவர் எல்லாம் கழன்றன. கடைசியில் பிரேக்கும் கழன்றது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் ஒரு பெரிய சாமானாக எண்ணுவதில்லை. உப்புக்காற்றில் பிரேக் கம்பி ஒரு மாரியோடு இற்றுப்போகும். பிறகு முன்சில்லில் செருப்பை அழுத்தி நிறுத்திக்கொள்வோம். மட்டமான தரையில் மிதிக்காமல் விட்டாலே சைக்கிள் தானாக நின்றுவிடும். ஏற்றத்தைப்பற்றி ஊரே பேசியது. ஏறியவன் இறங்கவும் வேண்டுமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புதுப்பெண்ணுக்கு மருதமுனைத் தறியில் நெய்த சேலை ஒன்றை வாங்கி, கரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகையோடு புறப்பட்டார். மகாஓயாவில் யானை வரவில்லை. லுணுகலை ஏற்றம் மீராமுகைதீனைவிட இலேசாகத்தான் இருந்தது. முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினார். கல்யாணத்தன்று காலை, பசறைக்கு அப்பால் உச்சியில் ஏறி நின்றபோது, கீழே பள்ளத்தில் பதுளை தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ், வந்திட்டம்" என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

அதன்பிறகு அவர் மிதிக்கவே இல்லை. சைக்கிள் தானாக ஓடியது. செருப்பை முன்சில்லில் வைத்தார், செருப்பு புகைந்தது. முதல் வளைவில் பாதை ஒரு பக்கம் திரும்ப, அவர் மறுபக்கம் தேயிலைக்குள் போய் விழுந்தார்.

எழுந்து பார்த்தார். நடந்து இறங்கினால் கல்யாணம் முடிந்துவிடும். ஏறி ஓட்டினால் காலிதீனே முடிந்துவிடுவார். பாதையோரத்தில் நிழல்மரங்களிலிருந்து வெட்டிப்போட்ட கிளைகள் குவிந்து கிடந்தன. ஓடுகிற தோணியை நிறுத்த நங்கூரம் போடுவார்களே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சேலைப் பொட்டலத்தை உடுத்திருந்த சாரத்தோடு இடுப்பில் கட்டினார். அவிழ்த்த கயிற்றின் ஒரு முனையைக் கரியரிலும் மறுமுனையைப் பெரிய கிளையொன்றிலும் முடிந்தார்.

கிளை பின்னால் சரசரவென்று இழுபட, புழுதியைக் கிளப்பிக்கொண்டு சைக்கிள் அடக்கமாக இறங்கியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்தார்கள்.

"ஏங்கண்ணே, சைக்கிளுக்கு வாலா?"

"ஓம் தங்கச்சி! விலகி நில்லுங்க, வால் அடிக்கும்!"

பதுளைக் கோயில் வாசலில் பெனடிக் கோட்டும் சூட்டுமாக நின்றுகொண்டிருந்தான். பெண் உள்ளே போய்விட்டாள். பூசை வைக்கும் சுவாமி இரண்டுதரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டார். பெண்ணின் மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆருக்காக நிக்கிறீர் மாப்பிள்ளை? ராசா வாறாரோ?" என்று கேட்டு முடிப்பதற்குள், தெருமுனையில் புழுதி எழும்பியது.

"விலகுங்க! விலகுங்க! இது நிக்காது!"

பெனடிக் பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்தான். மாப்பிள்ளையும் விருந்தாளியும் சைக்கிளும் ஒன்றாக இலைகுழைக்குள் சரிந்தார்கள்.

"பூங்கொத்தோட வருவாய் எண்டு பாத்தன், மச்சான். நீ மரத்தையே கொண்டுவந்திட்டாய்!"

"கதைக்க நேரமில்லடா" என்று கீழே கிடந்தபடியே காலிதீன் அவனுடைய கோட்டிலிருந்த இலையைத் தட்டிவிட்டார். "நான் வாசல்ல நிக்கன். நீ உள்ளுக்குப் போ."

பெனடிக் உள்ளே போனான். பூசை முடிந்து மணி அடிக்கும்வரை காலிதீன் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார்.

காலிதீன் இப்போதும் சாய்ந்தமருதில் அதே கடையை நடத்துகிறார். அவருக்கும் நதீராவுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். பெனடிக் பதுளையிலேயே குடியாகிவிட்டான்.