வரப்பு வயலைச் சேர்ந்ததா?

“வேலை நேரத்தில் வயலை விட்டு வெளியேறும் ஆளின் பெயரை, வெளியேறிய நேரத்துடன் குறித்து, உடனே நீக்க வேண்டும்.” பண்ணை விதி இப்படித்தான் சொன்னது. ஓய்வு பெற்றபின் எத்தனையோ மறந்துபோயின. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பரவை ஊருக்கு அப்பாலிருந்த ஒரு பெரிய பண்ணையில் ஆட்களின் வேலை நேரத்தைப் பதிவது என் உத்தியோகம். நேரத்தைக் குறிக்கச் சொன்ன அலுவலகம் மதுரையில் இருந்தது. கடிகாரமும் அங்கேயே இருந்தது. எங்களுக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து வரும் ரயில்தான் கடிகாரம். அது தாமதமானால் எங்கள் உச்சிவேளையும் பொறுமையாகத் தாமதித்தது. புகை நாகமலை மேல் கரைந்து முடிந்த பிறகே கஞ்சிக்கலயங்கள் திறக்கும்.

களையெடுத்த பெண்களில் ஒருத்தி, வரப்பிலிருந்த பூவரச மரத்தில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தாள். அழுகை கேட்டால் சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டு ஏறிப்போவாள். அவள் பால் கொடுக்கும்போது தண்ணீரில் மேகம்கூட நகராததுபோல் இருக்கும். எந்த நேரத்தைக் குறிப்பது?

கங்காணி மட்டும் விழித்திருந்தார். “அய்யா, வயல விட்டு ஏறிட்டா. பேர அடிங்க. எங் கொழுந்தியா நாளைக்கே வாரேங்குறா.”

மரத்தடியிலிருந்து குரல் வந்தது. “ரயிலு வந்தாத்தான் புள்ளைக்குப் பசிக்கணும்னு சேத்து எழுதச் சொல்லுண்ணே!”

குனிந்திருந்த முதுகுகளெல்லாம் குலுங்கின.

“இம்புட்டு வாய் ஆகாது தாயி” என்றார் கங்காணி.

சிரித்தாளே தவிர, குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கொழும்புக்குப் போன புருஷனிடமிருந்து தகவல் இல்லை. இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பெரியாது.

விதிகளை முழுதாகப் படித்தவன் பண்ணையில் நான் ஒருவன்தான். விளக்கம் கேட்கப்பட்ட விஷயத்தில் பதில் வரும்வரை நடவடிக்கை கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. ஆகவே மதுரைக்குப் பணிவுடன் எழுதிக் கேட்டேன்: வரப்பு வயலைச் சேர்ந்ததா, அல்லவா?

“வரப்புல என்னய்யா சந்தேகம்?” என்றார் கங்காணி.

“எனக்கில்லை. விதிக்கு.”

மதுரையில் அந்தக் கேள்வி மேசை மேசையாக உறங்கியிருக்க வேண்டும். இங்கே கதிர் முற்றியது, அறுப்பு முடிந்தது, வைக்கோல் வாசனையில் கோடை கிறங்கிக் கிடந்தது. தூளிக்குள் உதைத்த கால்கள் பூவரசைப் பிடித்துக்கொண்டு நின்றன; பிறகு மரத்தை விட்டுவிட்டு நடந்தன. அவள் வேப்பிலை அரைத்துத் தடவிப் பாலை மறக்கடித்தாள். ஒருநாள் தூளியை அவிழ்த்து உதறி, தலையில் சும்மாடாகக் கட்டிக்கொண்டு நாற்றுக்கட்டுத் தூக்கப் போனாள்.

அதன் பிறகே பதில் வந்தது: “வரப்பு வயலைச் சேர்ந்ததன்று. உடனே நடவடிக்கை எடுக்கவும்.”

அப்படி வெளியேறும் ஆள் தற்போது எவருமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வரப்பில் அந்தக் குழந்தை இரு கையாலும் புளிச்சோற்றை அப்பிக்கொண்டிருந்தது. அன்று ஆடிப் பதினெட்டு.