இரண்டுக்கு மேல் காற்று

பெரியநாயக்கன்பாளையத்தில் வரலட்சுமி டீச்சரைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. அறிவியல் எடுக்கிறவர். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் டீச்சரின் வண்டி ஆதிகாலத்துப் பூமியில் போய்த்தான் நிற்கும். "அப்பவெல்லாம் காத்துல ஆக்சிஜனே கெடையாது கண்ணுகளா" என்று ஆரம்பித்துவிட்டால் மணி அடிப்பதும் காதில் விழாது.

வீட்டுக்காரர் திருமூர்த்தி பவுண்டரியில் உலைக்காரர். பம்புகளுக்கு இரும்பு உருக்கி ஊற்றுகிற இடம். கல்யாணமான புதிதில் அவரையும் டீச்சர் விடவில்லை. "நீங்க உருக்குற இரும்பெல்லாம் ஒருகாலத்துல கடல்ல கரைஞ்சு கெடந்ததுங்க. ஆக்சிஜன் வந்துதானுங்க அதைத் துருவாக்கி அடியில படிய வச்சுது."

"அப்ப அந்தக் காத்து இல்லீன்னா எனக்குச் சோறு இல்லீன்னு சொல்லு அம்மணி" என்று சிரிப்பார் திருமூர்த்தி.

மணல் தூசியும் புகையும் அவருடைய நுரையீரலைத் தின்று தீர்த்தன. போன வருஷம் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. டாக்டர் குமிழை இரண்டில் வைத்துக் காட்டி, அதற்கு மேல் போகவே கூடாது என்றார். இவருடைய நுரையீரலால் கெட்ட காற்றை வெளியே தள்ள முடியவில்லை, ஆக்சிஜன் அதிகமானால் அந்தக் கெட்ட காற்று ரத்தத்தில் ஏறி ஆளை மயக்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். டீச்சருக்கு நன்றாகவே புரிந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு ரொம்ப வாங்கியது. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.

"காத்தைக் கூட்டு அம்மணி."

"டாக்டர் வேண்டாம்னாருங்களே."

"தீ அணையுது அம்மணி. கூட்டு."

உலை மங்கினால் ஊதுகாற்றைக் கூட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை அது. ஆக்சிஜனும் விஷமாகும் என்பது டீச்சருக்குத் தெரியும், வகுப்பு வகுப்பாக நடத்திய பாடம்தான். ஆனால் புருஷன் கண் முன்னால் காற்றுக்குத் தவிக்கும்போது பாடம் எங்கே நினைவில் நிற்கும்? குமிழைத் திருகி ஐந்துக்குக் கொண்டுபோனார்.

திருமூர்த்தியின் முகம் தெளிந்தது. "இப்பத்தான் நல்லாருக்குது" என்றார். மெல்லக் கண் அசந்தார். டீச்சருக்கு அப்படியொரு நிம்மதி. தூங்கட்டும் என்று கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எழுப்பினார்கள். அவர் எழவில்லை.

யாரும் டீச்சரைக் குறை சொல்லவில்லை. நோய் முற்றியிருந்தது என்றுதான் டாக்டரும் சொன்னார். ஒருவராவது திட்டியிருந்தால் வாய்விட்டு அழுதிருப்பார்.

தை பிறந்ததும் வகுப்பில் அந்த ஆதிகாலத்துப் பூமிப் பாடம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியே விட்டுக்கொண்டே இருந்தன. அன்றைய உயிர்கள் பலவற்றுக்கு அது விஷம். பூமியைக் கதகதப்பாக வைத்திருந்த மீத்தேனையும் அது தீர்த்துவிட்டது. பூமி பனியில் உறைந்துபோனது. டீச்சர் தடுமாறாமல் சொல்லிவந்தார். முன் பெஞ்சில் நவ்யா எழுந்தாள்.

"ஏனுங்க டீச்சர், அது நல்ல காத்துதானுங்களே? அதெப்படிங்க கொல்லும்?"

வருஷா வருஷம் யாராவது கேட்கிற கேள்விதான். பதிலும் நாக்கு நுனியில் இருந்தது.

"கொல்லோணும்னு நெனைக்கலீங்க கண்ணு" என்றார் டீச்சர். "மூச்சு வாங்குதேன்னுதான் கூட்டுனேன்."

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.