இருநூறு பங்குக்காரர்

பச்சை மைப் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு மோட்டார் கடைக்காரர் ஆண்டறிக்கையின் முப்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டார். எதிரில் தண்ணீர் மோட்டார் ஒன்று குடல் சரிந்த மாதிரி செம்புக் கம்பியை வெளியே தள்ளிக் கிடந்தது. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர் இரண்டு முறை வந்து போய்விட்டார்.

"நாளைக்கு வாங்க. இன்னிக்கு நான் கம்பெனி வேலையா இருக்கேன்" என்று தலை நிமிராமலே சொல்லி அனுப்பினார்.

கம்பெனி என்பது காற்றாலை மின்சாரம் விற்கும் ஒரு சின்ன நிறுவனம். மொத்தமே பதினொரு காற்றாடிகள். அதில் இவருக்கு இருநூறு பங்கு. வேலை என்பது அதன் ஆண்டறிக்கையில் ஓட்டை தேடுவது.

சொந்தத் தொழில், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது. வார்னிஷ் ஏறிய நகங்கள். ஓடும் மோட்டார் மேல் திருப்புளியின் முனையை ஊன்றி, பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொள்வார். "கம்பி நல்லாயிருக்கு. பேரிங்தான் அழுவுது" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

நிறுவனத்தின் தலைவர் இவருடைய சகலை, மனைவியின் அக்கா கணவர். இருவரும் ஒரே பட்டறையில் கம்பி சுற்றிப் பழகியவர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சகலை இதே கடைக்கு வந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிப்போம் சகலை" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். "காத்த நம்பிக் கடைய மூடச் சொல்றீங்களா?" என்று இவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்றுவரை இவருக்கே செரிக்கவில்லை. சகலை வீட்டு மாடிப்படிக்குப் பளிங்குக்கல் போட்டதைக் கேட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனி பங்கு வெளியிட்டதும் இவர் இருநூறு வாங்கிவிட்டார். கேள்வி கேட்கும் உரிமை அதோடு வருகிறதல்லவா?

வருடாந்தரக் கூட்டத்தில் இரண்டாவது வரிசை ஓரம் அவருடைய இடம். ஒலிவாங்கி முதலில் வந்து சேரும் இடம் அது. தலைவரின் கார், தலைவரின் விமானப் பயணம், தலைவர் அறையின் திரைச்சீலை என்று வருடத்துக்கு ஒரு கேள்வி. இவர் எழுந்தாலே பின்வரிசையில் கொட்டாவி கிளம்பும்.

"எங்க அக்கா மூஞ்சில நான் எப்படிங்க முழிக்கிறது?" என்று மனைவி புலம்புவார்.

"மூஞ்சியப் பத்தி நான் கேக்கலியே. செலவத்தானே கேக்குறேன்."

இந்த வருடம் முப்பத்தெட்டாம் பக்கத்தில் பேனா நின்றது. காற்றாடிப் பராமரிப்புச் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. அலுவலக அலங்காரம் மூன்று மடங்கு. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருந்து மாறிக் காற்றாடிகள் நிற்கும் மேட்டுக்குப் போனார். ஏழாவது கம்பத்தின் கதவில் திருப்புளியை ஊன்றி வெகுநேரம் நின்றார். காவலாளி விரட்டும்வரை நகரவில்லை. திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் ஒரு குதூகலம். அதை நினைத்து அவருக்கே கொஞ்சம் கூசியது.

கூட்டத்தில் பக்க எண்ணைச் சொல்லி, பராமரிப்பை ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டார். தலைவர் சிரித்தார். "சகலை, இதெல்லாம் வீட்லயே கேட்டிருக்கலாமே. அங்க வந்தா காபியும் கிடைக்கும்." அரங்கமே சிரித்தது.

இவர் காது சிவந்தது. ஆனால் உட்காரவில்லை. "ஏழாவது காத்தாடில பேரிங் கத்துது. போய்க் கேட்டுட்டுதான் வந்தேன். இன்னிக்கே நிறுத்தினா பேரிங்கோட போகும். ஓட்டினா உள்ள இருக்குற தண்டே முறியும். கீழ ஆள் நிப்பாங்க."

சிரிப்பு அறுந்தது. கடைசி வரிசையில் நின்ற பராமரிப்புப் பொறியாளர் கையைத் தூக்கினார். "அவர் சொல்றது சரிதான் சார். நான் மூணு தடவ எழுதிக் கொடுத்தேன். பணம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு அங்கேயே தொலைபேசியை எடுத்து ஏழாவதை நிறுத்தச் சொன்னார். அலங்காரத்துக்கு ஒதுக்கியது முழுவதும் பராமரிப்புக்கே போகும் என்று அறிவித்தார். கொட்டாவி விட்டவர்களெல்லாம் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் மேடையிலிருந்து இறங்கி நேரே இவரிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க அன்னிக்கே கூட வந்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது சகலை" என்றார் மெதுவாக.

இவர் பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நீங்க போங்க, வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். காலி அரங்கில் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார். மேடையேறி, தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். சகலை நல்ல உயரம். இவருக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. கையை அடியில் விட்டுத் துழாவி, விசையைப் பிடித்து, இரண்டு பாதமும் தரையில் பதியும்வரை நாற்காலியை மெல்ல இறக்கிக்கொண்டார்.