சீட்டின் மேல் மடக்கிய கால்கள்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், மற்றொன்று பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில். பெரும்பாலான மாஸ்டர்கள் சத்தமில்லாமல் தங்கள் பிரேக்கை மிதித்துவிடுவார்கள். வண்டி நின்றதும், நாமே நிறுத்தினோம் என்று நமக்கு ஒரு பூரிப்பு. டெஸ்ட் அன்று அந்த உதவி கிடைக்காது. அன்றுதான் சாயம் வெளுக்கும்.

எங்கள் ஸ்கூலில் வேலை பார்த்த அக்கா மட்டும் அப்படிச் செய்யமாட்டார் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். நான் சேர்ந்த சமயத்தில் அக்கா யாருக்கும் கற்றுத்தரவில்லை. ஷெட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தார். முன்பு, ஊருக்கு அவர் ஆணாகத் தெரிந்த காலத்தில், அவர் வகுப்புக்கு ஆட்கள் காத்துக் கிடந்தார்களாம். நீண்ட விடுப்பில் போய், காதில் கம்மலும் தோள் தொடும் முடியுமாகத் திரும்பி வந்த அன்றே முதலாளி முன்சீட்டைப் பறித்துக்கொண்டு கையில் வாளியைக் கொடுத்துவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆட்கள் சேரமாட்டார்கள் என்ற பயம். இதில் ஒரு வாய்ச்சங்கடம் வேறு. எல்லோரையும் வாடா போடா என்கிறவர், இவரிடம் ‘டா’ போடவும் முடியாமல், ‘மா’ சொல்லவும் நா எழாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையாளை “வாங்க, போங்க” என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

“மரியாதை ஏறிடுச்சு, வேலைதான் இறங்கிடுச்சு” என்று சிரித்தபடி அக்கா சக்கரங்களைத் தேய்ப்பார். ஆனால் ஏதாவது ஒரு கார் கிளம்பினால் அவர் கை நின்றுவிடும். யாரோ கிளட்சை வெடுக்கென்று விடுகிற சத்தம் கேட்டால், “மெதுவா, மெதுவா” என்று உதடு மட்டும் அசையும். அந்த முன்சீட்டுக்காக அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதை அவர் மறந்து பார்த்ததும் இல்லை.

ஒருநாள் காலை மாஸ்டருக்குக் காய்ச்சல். மறுநாள் டெஸ்டுக்குப் போகவேண்டிய நர்ஸ் ஒருவர் வந்து நின்றார்.

“அவங்க வரட்டும் சார்” என்று ஷெட்டைக் காட்டினார்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “அவங்களா? உங்களுக்கு ஒண்ணும் பயமில்லையே?”

“மேட்டுலதான் சார் பயம்.”

அடுத்த முறை என்னுடையது என்பதால் நான் பின்சீட்டில் இருந்தேன். பாலத்தின் ஏற்றத்தில் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு புத்தம்புதுக் கார் ஒட்டி வந்து நின்றது.

“அக்கா, பிரேக்கை நீங்க புடிச்சுக்கோங்க.”

அக்கா செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். “எனக்கு இப்போ காலே இல்ல. உங்களுக்கு ரெண்டு இருக்கு.”

பக்கத்தில் பைக்கில் நின்றவன் உள்ளே குனிந்து பார்த்தான். “என்னம்மா, ஆம்பளகிட்ட கத்துக்கறியா, பொம்பளகிட்டயா?”

நர்ஸின் கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி அணைந்தது. பச்சை விழ, பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

“நின்னுபோச்சுக்கா.”

“எல்லாருக்கும் நிக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்சை பாதி விடுங்க. வண்டி மூக்கு லேசா தூக்குதா?”

“தூக்குது.”

“இப்போ ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க.”

வண்டி ஒரு விரற்கடை பின்னால் சறுக்கியது. பின்னால் இருந்த காரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அக்காவுக்கு அந்த சீட் இனி ஜென்மத்துக்கும் கிடையாது. அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? கழுத்தில் வியர்வை வழிந்தது. கை சீட்டின் ஓரத்தைக் கவ்வியிருந்தது. மடக்கிய கால்கள் மட்டும் கீழே இறங்கவில்லை. வண்டி ஒருமுறை உறுமி, மேடேறியது. நம்பிக்கை என்ற சொல்லைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன்; அது எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

நர்ஸ் பாஸ். அடுத்த வாரமே அவருடைய ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சிலர், “அந்த அக்கா இருந்தா சேர்றோம்” என்று வந்தார்கள். வியாபாரம் என்றால் முதலாளிக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெயின்டரைக் கூப்பிட்டு, வாசல் போர்டில் புதிதாக ஒரு வரி எழுத வைத்தார்: ‘பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்’.

“எப்படி?” என்றார் அக்காவிடம், பெருமையாக.

அக்கா ஈரக் கையோடு அண்ணாந்து படித்தார்.

“முதல் வார்த்தையை அழிச்சிடச் சொல்லுங்க சார். ரெண்டாவது இருக்கட்டும். ஆம்பளைங்களுக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.”

“அவங்க உங்க பக்கத்துல உக்காரணுமே.”

பெஞ்சில் காத்திருந்த எங்களில் பலருக்கு அந்த நேரம் பார்த்து செல்போனில் வேலை வந்துவிட்டது. ஏற்கெனவே இருமுறை டெஸ்டில் தோற்றிருந்த மீசைக்காரத் தச்சர்தான் எழுந்தார்.

“என்னைப் பாஸ் பண்ண வெச்சுடுவியாம்மா?”

“நீங்க பண்ணுவீங்கண்ணே. நான் சும்மா உக்காந்திருப்பேன்.”

பெயின்டர் மறுபடி ஏணியில் ஏறினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார். தச்சர் கிளட்சை விட்டதும் வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பியது. “மெதுவா, மெதுவா” என்று தெருவே கேட்க அக்காவின் குரல் போய்க்கொண்டிருந்தது.