கேபிள்காரர் மேல் விழுந்த பழி

இரத்த வங்கியின் கணினி அறையில் அவளுக்கு மேலதிகாரி, அவளுடைய அக்கா கணவர். வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். தேர்வு எழுதி அவள் வாங்கிய வேலையை, சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் "நான்தான் சேத்துவிட்டேன்" என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு திங்கட்கிழமை அத்தான் எல்லா நிரல்களையும் கண்டெய்னருக்குள் மாற்றினார். ஒரே லினக்ஸ் கணினிக்குள் ஒவ்வொரு நிரலுக்கும் தனி அறை தடுத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது. அரைகுறையாகப் புரிந்துகொண்டு செய்து முடித்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். அன்று மதியமே, மருத்துவமனைக் கணினிகளிலிருந்து இரத்தக் கோரிக்கைகளை எடுத்துவர வேண்டிய நிரல் வெறுங்கையோடு நின்றது. ஊழியர்கள் தொலைபேசியில் கேட்டுத் தாளில் எழுதினார்கள்.

அத்தானுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது. ஏழு முறை போட்டார். அப்புறம் இயக்குநரிடம் போய், "கேபிள்காரர் போன வாரம் சுவத்துல கை வெச்சாரு, அதுலேருந்துதான்" என்றார். கணினிகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்துத் தந்துவந்த, அறுபதை நெருங்கிய அந்த மனிதரை இனி வர வேண்டாம் என்றார்கள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"கண்டெய்னர் உனக்குப் புரியாதும்மா" என்று அதுவரை தள்ளி வைத்திருந்தவர், மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அவளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தார்.

கண்டெய்னருக்குள்ளிருந்து ஒரு மருத்துவமனைக் கணினியை அதன் நெட்வொர்க் எண்ணால் அழைத்தாள், பதில் வந்தது. பெயரால் அழைத்தாள், பேச்சு மூச்சில்லை. கேபிள் அறுந்திருந்தால் எண்ணுக்கும் பதில் வந்திருக்காது. பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்ஸின் முகவரி இருக்கும் கோப்பைத் திறந்தாள். 127.0.0.1. உன்னையே கேட்டுக்கொள் என்று அர்த்தம். கண்டெய்னருக்கு வெளியே, அந்த லினக்ஸ் கணினியில் அது சரி. அங்கே பதில் சொல்லும் நிரல் ஓடுகிறது. கண்டெய்னருக்குள் கேட்க ஆளே இல்லை. வெளியே இருந்த வரியை அத்தான் அப்படியே காப்பியடித்திருக்கிறார். பரீட்சையில் பக்கத்து ஆளின் பெயரையும் சேர்த்து எழுதி வைக்கிற ரகம் என்று நினைத்துக்கொண்டாள்.

அலுவலக டிஎன்எஸ்ஸின் முகவரியைப் போட்டாள். தேங்கிக் கிடந்த கோரிக்கைகள் வந்து கொட்டின.

"கேபிள்தானே?" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

"இல்ல சார். நீங்க போட்ட வரி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரிய வேணாம்மா. உங்க அக்கா மனசு கஷ்டப்படும்."

"அக்காவ எதுக்கு சார் ஆபீசுக்குள்ள இழுக்கிறீங்க?"

எந்த வரி, எத்தனை மணிக்கு, யார் போட்டது என்று நாலே வாக்கியத்தில் இயக்குநருக்கு எழுதினாள். கேபிள்காரரைத் திரும்ப அழைத்தார்கள். இயக்குநர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அத்தான் அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போயிருந்தார்.

அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. அத்தானை அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்ப முடிவானதும்தான் போன் செய்தாள்.

"இவர ஸ்பெஷலா செலக்ட் பண்ணியிருக்காங்கடி. உன் சூட்கேஸ குடேன்."

கொடுத்தாள். அதில் ஒரு சக்கரம் உருளாது என்பதை மட்டும் சொல்லவில்லை.