கார் ஷெட்டில் ஓர் ஆபரேஷன் மேசை

அந்த வீட்டில் கார் ஷெட் இருந்தது, கார் இருந்ததில்லை. "பின்னாடி வாங்கிக்கலாம்" என்று சொல்லிக் கட்டிய ஷெட் அது. அந்தப் 'பின்னாடி' வந்து சேர்வதற்குள் காலொடிந்த கட்டில், சக்கரமில்லாத சைக்கிள், யாரும் உரிமை கோராத ஒரு ஜன்னல் கதவு என்று ஒவ்வொன்றாகக் குடியேறின. கடைசியில் சிஸ்டரும் குடியேறினார்.

சிஸ்டர் என்பது தெரு வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பால்காரர் முதல் எதிர்வீட்டு வக்கீல் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கட்டிய கணவர் ஒருவரால் மட்டும் அப்படிக் கூப்பிட முடியாதாகையால் அவர் "இந்தா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஓய்வு பெற்றவர்கள் செடி வளர்ப்பார்கள். செடி வளராவிட்டால் பிறருக்கு அறிவுரை சொல்வார்கள். சிஸ்டர் ரம்பம் வாங்கினார். எல்லோரும் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. முப்பது வருஷம் அவர் வேலை பார்த்தது எலும்பு டாக்டரிடம். உளி, சுத்தியல், ரம்பம், டிரில், ஸ்க்ரூ எல்லாம் அங்கேயும் உண்டு. எலும்பு டாக்டருக்கும் தச்சருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் மயக்க மருந்து ஒன்றுதான் என்பது சிஸ்டரின் கணிப்பு. அதில் ஒரு திருத்தத்தை மரமே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. எலும்பைக் கொஞ்சம் தப்பாக வெட்டினால் அது எப்படியாவது சமாளித்துக் கூடிக்கொள்ளும். மரம் அந்த மாதிரிப் பெருந்தன்மைக்கெல்லாம் பழகியதில்லை.

முதலில் ஒரு ஸ்டூல் செய்தார். ஆடியது. ஒரு காலைக் குறைத்தார்; மறுபக்கம் ஆடியது. இப்படியே நியாயம் பார்த்துக் குறைத்துக்கொண்டே போனதில் ஸ்டூல் மணையாகிவிட்டது. பிறகு வந்த அலமாரி சுவரில் சாயாமல் நிற்காது. அதையும் ஒரு குணமாக வைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் குடியிருக்கும் மகன் கீழே வந்து தொண்டையைச் செருமினான்.

"அம்மா, கார் புக் பண்ணிட்டேன். அடுத்த மாசக் கடைசில வருது."

"ரொம்ப சந்தோஷம்டா. எங்க நிறுத்தப்போற?"

"அதான்..." என்று ஷெட் பக்கம் பார்த்தான். "கார் ஷெட்ல கார் நிறுத்துறதுல ஒண்ணும் தப்பில்லையே?"

"அது என் பட்டறை."

"பட்டறைன்னா ஏதாவது உருப்படியா வெளிய வரணும்மா. இது வரைக்கும் உள்ள போன மரம்தான் கணக்கு. வெளிய வந்தது மரத்தூள்."

சிஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்து மருமகள் குறுக்கே புகுந்தாள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்பில் தினமும் தடுக்கி விழுபவள் அவள்தான்.

"ஒண்ணு பண்ணலாம் அத்தை. கார் வர்றதுக்குள்ள வாசலுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு செஞ்சு கொடுங்க. அது ஆடாம நின்னா ஷெட் உங்களுக்கு. ஆடுச்சுன்னா காருக்கு."

"நாலு தட்டு?" என்றார் சிஸ்டர்.

"அஞ்சு. உங்க பிள்ளைக்கே ரெண்டு தட்டு வேணும்."

மகன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். ஜெயித்துவிட்ட மனிதனின் சிரிப்பு அது. சிஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஷெட்டின் விளக்கைப் போட்டு நின்றபடியே பார்த்தார்.

உள்ளே கண்கொள்ளாத அலங்கோலம். தியேட்டரில் ஒரு கத்தரிக்கோல் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் பயிற்சி நர்ஸுகளைக் கண்ணாலேயே எரித்தவர் அவர். அதே சிஸ்டரின் ஷெட்டில் உளிகள் பெயின்ட் வாளியில் ஊறின. டேப்பைத் தேடிக் கிளம்பினால் போன மாதம் தேடிய மூலைமட்டம் கிடைத்தது. காரணம் கேட்டால், "காலம் பூரா ஒழுங்கா இருந்தாச்சு. இனிமேலாவது இஷ்டத்துக்கு இருக்கேன்" என்பார். அறுத்த நேரத்தைவிடத் தேடிய நேரம் அதிகம் என்பது அப்போதுதான் உறைத்தது. இஷ்டத்துக்கு இருப்பதற்கும் ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது.

மறுநாள் காலையே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கட்டில், சைக்கிள், ஜன்னல் கதவு எல்லாம் வெளியேறின. ஓசை கேட்டுக் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் பஸ் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கைக் கட்டியாண்டு ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் ஸ்டோர்காரர். அடுக்குவது என்றால் அவருக்குத் தானாகவே கை அரிக்கும்.

"இந்தா, இதை எங்கிட்ட விடு. ரம்பமெல்லாம் ஒரு இடம். உளியெல்லாம் ஒரு இடம், சின்னதுலேர்ந்து பெருசு. ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டி, பீரோல வச்சுப் பூட்டிட்டா..."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"எங்கிட்டதான்."

"நான் உளி கேட்டா?"

"எதுக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்கலாமே!"

"உங்க கம்பெனி பஸ் ஏன் எப்பவும் லேட்டுன்னு இப்பத்தாங்க புரியுது" என்றார் சிஸ்டர்.

அவருடைய முறை வேறு. தியேட்டரில் கருவிகளை இனம் பார்த்து அடுக்குவதில்லை; வேலையின் வரிசையில் அடுக்குவார்கள். முதலில் அளக்க, பிறகு அறுக்க, செதுக்க, பிடித்து நிறுத்த, துளைக்க, முடுக்க. ஒரே வேலைக்கு வேண்டிய ஐந்து சாமான் ஐந்து இனமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மேசையை நாலு பக்கமும் சுற்றி வருகிற மாதிரி நடுவில் போட்டார். அதன் ஓரமாக நீளத் தட்டு வைத்துப் பச்சைத் துணி விரித்தார். மேசைக்கு மேலே ஒரு விளக்கைச் சரியான கோணத்தில் தொங்கவிட்டார். வெளிச் செருப்பு உள்ளே வரக்கூடாது என்று வாசலில் கோடும் போட்டார். ஸ்டோர்காரர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று, "ரம்பத்துக்குப் பக்கத்துல பென்சிலா! கிடங்குல இப்படி வச்சிருந்தா மெமோ கொடுத்திருப்பேன்" என்று புலம்பினார்.

வேலை முடிந்தபோது ஷெட் பளிச்சென்று இருந்தது. ஒரு சாமானைக்கூடத் தேட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எது எங்கே என்று.

அப்படி இருந்தும் முதல் பலகை கோணலாகப் போனது.

கோடு நேராகத்தான் இருந்தது. ரம்பம் பிடித்த கையின் நிழல் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே விழுந்து, அறுப்பு எங்கே போகிறதென்று தெரியவிடாமல் செய்தது. பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முடுக்க ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. உளியை எடுக்கப் போனால் பிடி வராமல் கூர்தான் கைக்கு வந்தது. இரண்டாம் நாள் அது விரலை நன்றாகவே பதம் பார்த்தது. தானே கழுவித் தானே கட்டுப் போட்டுக்கொண்டு, கட்டின் அழகை ஒரு கணம் ரசித்துவிட்டு மறுபடி ரம்பத்தை எடுத்தார்.

"விட்டுடேன்" என்றார் ஸ்டோர்காரர், கோட்டுக்கு வெளியிலிருந்து. "கடைல ரெடிமேடா கிடைக்குது."

"ஷெட்டும் கடைல கிடைக்குமா?"

இரண்டாவது பலகை குட்டையாகிவிட்டது. மூன்றாவது வாங்கி வந்தார். மரக்கடைக்காரர், "வீடு கட்டுறீங்களா சிஸ்டர்?" என்று விசாரித்தார். "இருக்கிற வீட்டைக் காப்பாத்துறேன்" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கெடுவில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கை சரியில்லையோ, வயசாகிவிட்டதோ என்ற நினைப்பு வழியில் ஒருமுறை வந்தது. அதற்கு உட்கார இடம் கொடுக்கவில்லை.

அன்று மாலை மருமகள் டீ கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சிஸ்டருக்கு எதிர்ப்பக்கமாக நின்று டம்ளரை மேசைமேல் வைத்தாள். சும்மா இருக்க முடியாமல் தட்டிலிருந்து உளியை எடுத்தாள். பிடி அப்படியே அவள் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். அதுவும் அப்படியே.

"அத்தை, எல்லாத்தோட பிடியும் என் பக்கமா பாத்து இருக்கே. எனக்கா அடுக்கி வச்சீங்க?"

சிஸ்டர் தட்டைப் பார்த்தார். ரம்பம், உளி, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர். ஒன்று பாக்கியில்லாமல் பிடிகள் எல்லாம் எதிர்ப்பக்கம். தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார். வெளிச்சம் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு நிழல் விழாதபடி சாய்ந்திருந்தது. கிளாம்பின் திருகுகள், அவையும் அங்கேதான். எல்லாம் மிகச் சரியாக இருந்தது. டாக்டர் ஒருவர்தான் வரவில்லை.

இதை யாராவது அடக்கம், தியாகம் என்று சொல்லியிருந்தால் சிஸ்டருக்குக் கோபம் வந்திருக்கும். அதெல்லாம் ஒன்றுமில்லை, பழக்கம். முப்பது வருஷம் எதிரே நீண்ட கையில் பிடியை வைத்தே பழகிய கை, தனக்கென்று ஒரு பட்டறை அமைத்தபோதும் எதிரே ஒரு கை நீளும் என்று நம்பிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை, ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. நீ கொஞ்சம் நகரு."

இதற்குள் ஸ்டோர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தார். "அவ்வளவுதானே! எல்லாத்தையும் திருப்பி அடுக்கிடலாம். இந்த வாட்டி நான் சொல்ற மாதிரி..."

"ஒண்ணையும் தொடாதீங்க."

சிஸ்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மேசையைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போனார். டாக்டர் நிற்கும் இடத்தில் நின்றார். மூன்றாவது பலகையைத் தன் பக்கம் இழுத்தார். கோட்டின் மேல் நிழல் இல்லை. கிளாம்பின் திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரம்பத்தைப் பார்க்காமலே எடுத்தார், பிடி வந்தது. அறுத்தார். பலகை நேராகப் பிரிந்து விழுந்த சத்தத்தில் மருமகள், "ஹப்பா!" என்றாள்.

அடுத்ததாக சிஸ்டர் செய்தது அவரையே ஆச்சரியப்படுத்தியது. கண்ணை மரத்திலிருந்து எடுக்காமல் வலது கையை மட்டும் முன்னே நீட்டினார்.

"உளி."

எதிர்ப்பக்கத்தில் இப்போது நின்றுகொண்டிருந்தது ஸ்டோர்காரர்.

"எதுக்கு?" என்றார், கிடங்கில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில்.

"இங்க கேள்வி கேக்கக்கூடாது. கேட்டா ஆளை மாத்திடுவேன்."

"சின்னதா பெருசா, அதையாவது கேக்கலாமா?"

"அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஸ்டோர்காரர் ஒரு கணம் யோசித்தார். வேலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், நடுத்தரத்தில் ஒன்றை எடுத்துப் பிடி முன்னால் இருக்கும்படி உள்ளங்கையில் வைத்தார்.

"மெதுவா இல்ல. தட்டி வைக்கணும். கைக்கு வந்துடுச்சுன்னு தெரிய வேணாமா?"

தட்டி வைத்தார். கொஞ்சம் பலமாகவே. எத்தனையோ வருஷத்துப் பாக்கி அதில் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஸ்டோர்காரருக்கு உளியின் அளவும் உப்புத்தாளின் நம்பரும் ஒரே வாரத்தில் அத்துப்படியாயின. கேட்பதற்கு முன்பே எடுத்து வைக்கத் தொடங்கினார். அப்படிச் செய்தபோதெல்லாம் ஒரு பாராட்டுக்காகத் தலையை லேசாகச் சாய்ப்பார். அது கிடைக்காது. அந்தக் காலத்தில் டாக்டரும் கொடுத்ததில்லை. மேல் தட்டை மூடுவதற்கு முன் சிஸ்டர் ஸ்க்ரூக்களை எண்ணச் சொன்னார். ஒன்று குறைந்தது. "உள்ள வச்சு மூடிட்டியா என்ன?" என்று கேட்ட ஸ்டோர்காரர், தன் சட்டைப் பையிலேயே அதைக் கண்டெடுத்துத் தட்டில் வைத்தார்.

கார் வந்த அன்று காலை, ஸ்டாண்டு வாசலில் நின்றது. ஐந்து தட்டு. மகன் மாலையைக் காருக்குப் போடுவதா ஸ்டாண்டுக்குப் போடுவதா என்று கேட்டுக் கிண்டல் செய்துகொண்டே வந்து, ஸ்டாண்டை ஒரு கையால் ஆட்டினான். பிறகு இரண்டு கையால் ஆட்டினான். குனிந்து கால்களைப் பார்த்தான். கடைசியில் அதன் மேல் ஏறி உட்கார்ந்தே விட்டான்.

"அம்மா... ஆடலையே" என்றான், கம்பெனிக்குப் புகார் எழுதுகிறவன் மாதிரி.

"இறங்குடா. அது செருப்புக்கு."

கார் இப்போது தெரு மரத்தடியில் நிற்கிறது. அதன் மேல் காக்கைகள் தினமும் கையெழுத்துப் போடுகின்றன. மகன் துடைக்கிறான், மறுநாளும் துடைக்கிறான். போன வாரம் கொஞ்சம் இறங்கி வந்து, தெருவோரம் காருக்கு ஒரு சின்ன மரக்கூரை அடித்துத் தர முடியுமா என்று கேட்கப் பட்டறைக்குப் போனான். உள்ளே உளி தட்டும் சத்தம். வாசலிலேயே அப்பா வழிமறித்தார். காதில் பென்சில், தோளில் பச்சைத் துணி.

"அம்மா இருக்காங்களாப்பா?"

"வேலை நடக்குது. எதுக்குப் பாக்கணும்?"

"என்னப்பா நீங்க, அம்மாவைப் பாக்கக்கூடக் காரணம் சொல்லணுமா?"

உள்ளிருந்து, மரத்திலிருந்து கண் எடுக்காத ஒரு குரல் வந்தது: "அங்க என்ன பேச்சு? மூலைமட்டம்."

ஸ்டோர்காரர் திரும்பி உள்ளே ஓடினார். ஓடும்போதே மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்:

"செருப்பைக் கழட்டிட்டு நில்லுடா. சொல்லி அனுப்புறேன்."