அம்சவள்ளி முகம் புதைத்த சட்டை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெயர் அறிவுச்செல்வன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் பிரிண்ட், கல்யாண ஆல்பம், பிழைப்பு இதுதான். பவுசுக்கு இன்னொன்று உண்டு. மாதம் ஒரு வேற்றுமொழிப் படம் போட்டுப் பார்த்துவிட்டு, வாய் வலிக்கப் பேசிக் கலைகிற எங்கள் ஊர்த் திரை வட்டத்துக்கு நான்தான் செயலாளர். அந்தப் பவுசுதான் ஒரு வீட்டைக் கெடுத்தது.

அம்சவள்ளியை எனக்குத் தெரிய வந்தது 2024 ஜூனில். கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து இறந்தவர்களில் அவள் புருஷன் ராசுவும் ஒருவன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். மாலை போட்டு வைக்க அவன் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு குரூப் போட்டோ. அதில் அவன் முகம் கட்டைவிரல் நகம் அளவு. பெரிதாக்கியதும் மூக்கும் வாயும் கலங்கிப் போயின. "இது அவரு இல்லீங்கண்ணா" என்றாள். மூன்று முறை திருத்தினேன். மூன்றாவது முறை எனக்காகப் "பரவால்லண்ணா" என்று வாங்கிக்கொண்டு போனாள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. நடவு, களை, கரும்பு வெட்டு, எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். ஒரே மகள் ஷாலினி, பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து கலையரசி என்ற இயக்குநர் வந்தார். புருஷன் செத்துப்போன பிறகு ஒரு பெண்ணின் உடம்பு என்ன செய்கிறது, ஆசையும் அவனோடு சேர்ந்து போய்விடுகிறதா என்பதுதான் அவர் எடுக்கவிருந்த படம். நடிகை வேண்டாம், அதை அனுபவித்தவள்தான் வேண்டும் என்றார். பெரிய மனுஷன் மாதிரி நான்தான் அம்சவள்ளி வீட்டுக்கு வழிகாட்டினேன்.

இரண்டு நாள் மாட்டேன் என்றவள் மூன்றாம் நாள் பேசினாள். எழவு விசாரிக்க வந்த யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. எவ்வளவு குடிப்பான், எத்தனை மணிக்குச் செத்தான் என்றுதான் கேட்டார்கள். "குடிகாரன்தான். ஆனா எங்கிட்ட ஆசையா இருந்தாருக்கா" என்று கலையரசியிடம் சொல்லிவிட்டு அழுதாள். பிறகு அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு சட்டையை எடுத்துக் காட்டினாள். காப்பிக்கலர், கட்டம் போட்டது. ராசு கடைசியாகக் கழற்றிப் போட்டது. இன்னும் துவைக்கவில்லை.

அந்தச் சட்டை வீட்டில் இருக்கவே கூடாது. பதினாறாம் நாள் காரியத்தன்று, செத்தவருடைய துணிமணி, பாய், தலையணை அத்தனையையும் மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ஒரு துணி தங்கினாலும் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ராசுவின் மூட்டையை அவன் அண்ணன் பழனி தலையில் வைத்துக்கொண்டு தெருவே பார்க்க நடந்து போனார். அதற்கு முதல் நாளே இவள் இந்த ஒன்றை மட்டும் ஒளித்து வைத்துவிட்டாள். படுக்கும்போது பக்கத்தில் போட்டுக்கொள்வாள் என்பது மகளுக்குக்கூடத் தெரியாது.

கலையரசி அதையே காட்சியாக்கினார். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு மண்வீட்டில் படப்பிடிப்பு. அம்சவள்ளி பாயில் படுத்துச் சட்டையை முகத்தில் அழுத்தி மூச்சு இழுப்பாள். போர்வைக்குள் கை நகரும். கடைசியில் அழுவாள். உடம்பு ஒரு விரற்கடை தெரியாது. ஆனால் மண்சுவர் முன்னால் காப்பிக்கலர் எடுபடவில்லை என்றார் கேமராக்காரர். நான் சும்மா இருந்திருக்கலாம். போட்டிருந்த பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்தேன்.

"இது அவருது இல்லியேண்ணா" என்றாள் அம்சவள்ளி.

"கேமராவுக்கு இன்னா தெரியும்? நீ ராசுவை நெனச்சுக்கோம்மா" என்றேன். அவள் கண்ணை மூடி நினைத்துக்கொண்டாள். அங்கிருந்த பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படம் வெளிநாட்டு விழாவுக்கெல்லாம் போய்வந்தது. போன டிசம்பரில் எங்கள் ஊரில், கல்யாண மண்டபம் பிடித்து, நானே போட்டேன். அம்சவள்ளி கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சி வந்ததும் சிலர் நாற்காலியைச் சத்தமாக இழுத்துப்போட்டு வெளியேறினார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே வந்த சிலர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்ததும் வழக்கம்போல மைக் சண்டை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பெண்ணுடலின் விடுதலை அறிக்கை இது என்று இருபது நிமிஷம் முழங்கினார். கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "சாராயத்துல செத்தவன் வூட்டுல உங்களுக்குப் படம் எடுக்க இதுதான் கெடச்சுதா? எங்க பொம்பளைங்க மானம் இன்னா ஆவறது?" என்று கத்தினார். ஒளியமைப்பு பிரமாதம் என்றார் இன்னொருவர். அம்சவள்ளியிடம் மைக்கைக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செயலாளரான எனக்கும்தான்.

மறுநாளே முப்பத்தெட்டு வினாடித் துண்டு வாட்ஸப்பில் சுற்றியது. படத்தை விடுங்கள், கதையை விடுங்கள், தெருவுக்கு ஒரே ஒரு கேள்விதான். ராசுவின் துணியெல்லாம் ஆற்றோடு போனதைத் தெருவே பார்த்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பச்சைச் சட்டை யாருடையது? நடிப்பென்று ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கதையைத் தானே நடித்தாள் என்று நாங்கள்தானே மேடையில் பெருமையடித்தோம்? நடவுக்கு ஏற்றிப்போகும் வண்டியில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி மட்டும், அவளும் அதே ஜூனில் தாலி இழந்தவள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படித்தாண்டி இருக்குது" என்றாளாம். மறுநாள் அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை நைனார்பாளையத்திலிருந்து பழனி வந்துவிட்டார், ஷாலினியைக் கூட்டிப்போக. அம்சவள்ளி எனக்குப் போன் செய்தாள். "நீங்க வந்து நடந்ததைச் சொன்னா போதும்ண்ணா. எம் பொண்ணு எங்கிட்ட இருந்துடும்." வருகிறேன் என்றேன். போகிற வழியெல்லாம் சொல்வதாகத்தான் இருந்தேன்.

பழனி மோசமான ஆளில்லை. கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அம்சவள்ளி டிரம்மிலிருந்து கட்டம் போட்ட சட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதாங்க மாமா, எங்கிட்ட இருக்கறது. நான் வச்சிக்கினு இருந்தது இது ஒண்ணுதான்."

பழனி அதைத் தொட்டுப் பார்த்தார். "இது நான் தீவாளிக்கு எடுத்துக் குடுத்ததாச்சே" என்றவர், முகத்தை மூடிக்கொண்டு தம்பி பெயரைச் சொல்லி அழுதார். இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "இதை ஆத்துல வுடாம வச்சதே தப்பு. சரி, அது போவுது. படத்துல இருக்கற பச்ச சட்ட யாருது?"

அம்சவள்ளி என்னைப் பார்த்தாள். வாசலில் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெண்டாட்டி நினைவுக்கு வந்தாள். ஸ்டுடியோவுக்கு வரும் பெண்பிள்ளைகளும் அவர்கள் அப்பன்மார்களும் நினைவுக்கு வந்தார்கள்.

"படக்காரங்களோடதுங்க. யாருதுன்னு தெரியல" என்றேன்.

அம்சவள்ளி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மூலையில் பையோடு நின்ற ஷாலினி நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்க சட்டதானே அங்கிள்? அம்மாவ வெள்ளிமலைக்கு இட்டுக்கினு போவ வந்தப்ப அதைத்தானே போட்டிருந்தீங்க? தெரியலன்னு ஏன் பொய் சொல்றீங்க?"

அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். மண்சுவர், கேமரா, கலர் எடுபடாதது, பதினைந்து பேர் கூட இருந்தது, பனியனோடு உட்கார்ந்தது, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அந்தப் பிள்ளை அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்கும்.

பழனி சட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "இதை நானே ஆத்துல வுட்டுர்றேன். வாம்மா" என்றார். ஷாலினி பெரியப்பாவின் பின்னால் இறங்கிப் போனாள். அம்சவள்ளி "ஷாலு" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கலாமா, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ப் பழனியிடம் இன்னொரு தரம் பேசலாமா என்று தெரியவில்லை. அவள் திறந்து கிடந்த அரிசி டிரம்மை மூடினாள்.

"நீங்க மொதல்ல கெளம்புங்கண்ணா" என்றாள். "நீங்க உள்ள நிக்கறதை எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."